மலை விகாரையில் பாதியில் நின்ற தண்ணீர்

மகன்,

சுகம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நான் சுகமாக இல்லை. போன வெள்ளிக்கிழமை காலை வரை சுகமாகத்தான் இருந்தேன். தபால்காரன் வந்து உன் கடிதத்தைத் தந்தான், அதோடு போயிற்று. கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் அரிசியும் சீனியும் இன்னும் கூப்பனுக்குத்தான். பலகாரத்துக்கு என்ன வழி என்று, எனக்கு அக்காவாகப் பிறந்த உன் மாமி தினமும் என்னைப் பிடித்துக் கேட்கிறாள், நான் ஏதோ சீனி மூட்டையைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறவன் மாதிரி. கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டார் பந்தலுக்குத் தென்னங்கிடுகு போடுவதா தகரம் போடுவதா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் வருகிறதென்றால் தகப்பன் என்ன எதிர்பார்ப்பான்? லீவு கிடைத்தது பற்றி, பட்டு வேட்டி பற்றி, ஆகக் குறைந்தது எத்தனை சிநேகிதர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்பது பற்றி. நீ மூன்றே மூன்று வரி எழுதியிருக்கிறாய். ரயில்வேயில் சேர்ந்ததிலிருந்து உனக்கு எல்லாமே தந்திதான்.

"அப்பா, பொன்னுருக்கலுக்கு முந்திய சனிக்கிழமை அந்த மலைக்குப் போகிறேன். அன்றைக்கு அம்மாவுக்கு வார்த்த தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. நீங்களும் வந்தால் நல்லது."

கண்ணாடி இல்லாமல் கடிதத்தை வாசிக்க முடியாமல் மாமியிடம் கொடுத்தது என் பிழை. அவள் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்து முடித்துவிட்டு, கையிலிருந்த சுளகை நிலத்தில் வைத்தாள். "தம்பி, உன்ர மோனுக்கு மூளை சுகமோ? தாலிக்குப் பொன் உருக்கிற நேரத்தில ஆரும் செத்த ஆளுக்குத் தண்ணி வார்ப்பினமோ? அதுவும் காட்டுக்குள்ள, சிங்கள விகாரையில!" என்றாள். "எனக்கென்ன தெரியும், அவனைக் கேள்" என்றேன். "நான் ஏன் கேக்கிறன்? பெத்தது நீ" என்றாள். மத்தியானம் சோறு வந்தது. அதில் உப்பில்லை.

நீ என்னைக் கேட்டிருந்தால் நூறு நியாயம் சொல்லியிருப்பேன். எனக்கு இப்போது அறுபது வயது. வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்தைக் கடந்து மணலில் இறங்குவதற்கே வலது முழங்கால் என்னோடு தர்க்கம் பண்ணுகிறது. உனக்கு வேண்டுமென்றால் பிள்ளையார் கோயிலில் ஓர் அருச்சனை செய், மோட்ச விளக்குப் போடு, அநாதைப் பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடு. எத்தனையோ வழி இருக்க, அட்டைக் காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் ஏறவேண்டும் என்பது என்ன வீம்பு? பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளை தூரப் பயணம் போகக்கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் முந்திய சனிக்கிழமையைப் பிடித்திருக்கிறாய். அந்தச் சம்பிரதாயத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறாய். போன வருடம் அந்த மலையடிவார ஸ்டேசனுக்கு உனக்கு மாற்றம் கிடைத்தது என்று எழுதினாயே, மேடையில் நின்றால் மலை தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தாயே, அன்றைக்கே இது எங்கே போய் முடியும் என்று யோசித்திருக்கவேண்டும். வேறு ஸ்டேசனே இல்லையா இந்த ரயில்வேக்கு?

சரி. ஏசி முடித்துவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பாய். இவ்வளவு எழுதியும் 'அம்மா' என்ற சொல்லை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், அதுவும் உன் வரியைப் பார்த்து எழுதியது. பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் அந்தச் சொல் இல்லை. வருடாவருடம் திவசத்துக்கு அய்யர் வந்து பெயரையும் கோத்திரத்தையும் சொல்லிவிட்டுப் போவார், நாங்கள் சொல்வதில்லை. மாமி கூட "அவ" என்பாள், அல்லது மேலே கையைக் காட்டுவாள். படம் அலுமாரிக்குள் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. இது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. நீ மூன்று வரியில் ஆரம்பித்துவிட்டாய், முடிக்கிற வேலை வழக்கம்போல என் தலையில்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நெருப்புக் காய்ச்சல் அவளைப் பதினேழு நாள் கிடத்தி, பதினெட்டாம் நாள் கொண்டுபோயிற்று. பொரளைக் கனத்தைச் சுடலையில் கொள்ளி வைத்தது நீ. நான் உன் கையைப் பிடித்திருந்தேன். அன்றிலிருந்து நீ வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. சோற்றைத் தொடமாட்டாய், பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தால் நாலு வாய். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து கதை சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், திருநீறு போட்டுப் பார்த்தாள். மூன்று கிழமை ஒரு சொல் இல்லை. டாக்டர், "காத்து மாறினா நல்லது" என்றார். எந்தக் காற்று, எங்கே என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்வா வந்தான். கந்தோரில் என் மேசைக்கு எதிர் மேசை, பதினொரு வருடப் பழக்கம். உனக்கு ஞாபகம் இருக்கும், வந்தால் உன் காதுக்குப் பின்னாலிருந்து இனிப்பு எடுப்பவன். சாவுத் துடக்கு வீடு என்று எங்கள் ஆட்களே வாசலில் நின்று துக்கம் கேட்டுவிட்டு ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் போய்க்கொண்டிருந்தபோது, அவனும் அவன் மனைவி சோமாவும் உள்ளே வந்து பாயில் இருந்து தேத்தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். "மச்சான், ஞாயிற்றுக்கிழமை நாங்க எங்கட ஊர் மலை விகாரைக்குப் போறம். பழைய இடம், ராஜா காலத்துக் குகை. பொடியனையும் கூட்டிக்கொண்டு நீயும் வா. காத்து மாறும்" என்றான். "எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது" என்றேன். "மிதிக்க வேண்டாம். வெளியில இரு" என்றான். அவன் அப்படிச் சொன்னான் என்பதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். துடக்கு என்றால் என்னவென்று அவனுக்குப் புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

அந்த ஏற்றத்தைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. நீ சோமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாமரைப் பூவை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் போனாய். பின்னால் நான் கந்தோர்ச் சப்பாத்தோடும் குடையோடும் சறுக்கி விழுந்துகொண்டு வந்தேன். வெயிலே படாத காடு. கல்லில் வெட்டிய படிகளில் பாசி. சப்பாத்துக்குள் ஏதோ ஈரம் என்று கழற்றிப் பார்த்தால் ஏழு அட்டை. மேலிருந்து வெள்ளை உடுத்திக்கொண்டு இறங்கிவந்த ஒவ்வொரு கிழவியிடமும் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டு "தவ டிகய்" என்றாள், இன்னும் கொஞ்சந்தான் என்று. முதல் கிழவி சொன்ன கொஞ்சத்துக்கும் கடைசிக் கிழவி சொன்ன கொஞ்சத்துக்கும் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. சில்வாவோ வழி முழுக்க, எந்த ராஜா எந்தக் குகையில் ஒளித்திருந்தான், எந்தப் பாறையில் என்ன கல்வெட்டு என்று கதை அளந்துகொண்டு வந்தான். எனக்கு அப்போது ராஜாவா முக்கியம்? "கொஞ்சம் வாயை மூடடா" என்றேன். அவன் மூடவில்லை.

மேலே போனதும் நான் சொன்ன சொல் தவறவில்லை. கடைசிப் படிகளுக்குக் கீழே, ஒரு நாக மரத்தடிக் கல்லில் இருந்துகொண்டேன். நீயும் என் பக்கத்தில் இருந்தாய். தூறல் விழுந்தது. சோமா உன்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டபோது, மழைக்கு ஒதுங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். குகையின் முன்னால் இருக்கும் தாழ்வாரத்தில் நிற்பாய் என்பது என் எண்ணம். ஒரு மணித்தியாலம் போயிற்று, இரண்டாயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டு, காலில் அட்டையைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, நான் துடக்குக் காத்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு உள்ளேயிருந்து பிக்குவின் குரல் வந்தது. ஓதிக்கொண்டே போனவர், நடுவில் ஒரு பெயரைச் சொன்னார். உன் அம்மாவின் பெயர். அந்தக் காட்டுக்குள், பாளியும் சிங்களமுமாக ஓடிக்கொண்டிருந்த ஓதலுக்குள், அந்தப் பெயர் மட்டும் தமிழில் வந்து விழுந்தது. ஓடி வாசல்வரை வந்தேன். வாசலில் நின்றேன், அதைத் தாண்டவில்லை. உள்ளே சாய்ந்து படுத்திருந்த பெரிய புத்தருக்கு முன்னால், பாயில், ஒரு தட்டில் கிண்ணம். மூக்குச் செம்பு உன் கையில். சில்வாவும் சோமாவும் உன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு இருந்தார்கள். நீ நூல் மாதிரித் தண்ணீரை வார்த்துக்கொண்டிருந்தாய். கிண்ணம் நிரம்பி வழியும்வரை வார்ப்பார்கள், செத்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேரும் என்பது அவர்கள் முறை. கிண்ணம் பாதிதான் ஆகியிருந்தது. "வெளியில வா!" என்று கத்தினேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். செம்பைச் சரித்தபடியே சொன்னாய்:

"இது அம்மாவுக்கு."

மூன்று கிழமைக்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். துடக்கோடு கோயிலுக்குள் போகக்கூடாது என்று இரண்டு மணித்தியாலம் மழையிலும் அட்டைக் கடியிலும் இருந்தவன், உன்னை அடிப்பதற்காக உள்ளே போனேன். சப்பாத்தோடு போனேன். செம்பு உருண்டது. நீ அழவில்லை, கன்னத்தைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு மூடிய வாய், பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திறந்தது, சோற்றுக்குத் திறந்தது, பரீட்சைக்குத் திறந்தது, அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அய்யர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் இறைத்தாய். எல்லாம் சரியாகச் செய்தாய். எனக்கு அந்தச் சரியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இவ்வளவும் உனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. உன்னை நான் சோமாவின் பக்கம் தள்ளிவிட்டபோது நீ சுவரைப் பார்த்து நின்றாய், அதனால் பார்த்திருக்கமாட்டாய். அந்தப் பிக்கு, அவர்கள் ஹாமுதுரு என்று சொல்கிறவர், எழும்பி வந்தார். என்னை ஏசவில்லை, என் சப்பாத்தையும் பார்க்கவில்லை. உருண்ட செம்பை எடுத்து, குடத்திலிருந்து தண்ணீர் நிரப்பி, என்னிடம் நீட்டினார். "துடக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? சில்வா அவரிடம் ஏதோ சொன்னான், அவர் ஏதோ கேட்டார். சில்வா எனக்குத் தமிழில் சொன்னான்: "வீட்டில சாவு விழுந்த ஆள் வராட்டி, வேற ஆர் வாறது எண்டு ஹாமுதுரு கேக்கிறார்." செம்பை வாங்கினேன். ஓம், வாங்கினேன், என் கையில் இருந்தது, கனமாக இருந்தது. பிறகு அதை நிலத்தில் வைத்துவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். ஆகவே தண்ணீர் பாதியில் நின்றது நான் உன்னை அடித்ததால் மட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அது முழுக் கதை இல்லை. இரண்டாம் தடவை நிறுத்தியது நான், என் கையால், ஆற அமர யோசித்து நிறுத்தினேன். இதை நான் சில்வாவோடும் பேசியதில்லை.

பேசியதில்லை என்று எழுதினேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாணந்துறைக்கு ரயிலேறினேன். பென்சன் எடுத்த பிறகு சில்வா அங்கே தோடம்பழ மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கிழவன் கதிரையில் சாய்ந்து சிரி சிரியென்று சிரித்தான். "பதினெட்டு வருஷம் மச்சான்! எப்ப இதைப் பற்றிக் கதைப்பாய் எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன்." உள்ளேயிருந்து சோமா வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, அண்டைக்கு நீங்க இறங்கின பிறகு ஹாமுதுரு என்னைக் கூப்பிட்டார். நானும் அவரும் மிச்சத் தண்ணிய வாத்து முடிச்சம். கிண்ணம் வழிஞ்சது. புத்தே பாவம், அவனுக்கு இது தெரியாது, சொல்லுங்க" என்றாள். அவளுக்கு நீ இன்னும் புத்தேதான், ஒன்பது வயது மகன்தான்.

மகன், இப்போது பார். உனக்குச் சொல்ல எனக்கு ஒரு முதல்தரமான சாட்டுக் கிடைத்துவிட்டது. தண்ணீர் பாதியில் நிற்கவில்லை, அன்றைக்கே நிரம்பிவிட்டது, ஆகவே மலையேறத் தேவையில்லை, பேசாமல் வந்து மணவறையில் இரு என்று நாலு வரியில் எழுதியிருக்கலாம். முழங்கால் தப்பியிருக்கும். மாமி சோற்றில் உப்புப் போடுவாள். பாணந்துறையிலிருந்து திரும்பி வரும்போது ரயிலில் அதைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன், நல்ல வசனமெல்லாம் வந்தது. வெள்ளவத்தையில் இறங்கினேன், வீட்டுக்கு வந்தேன், அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்தேன். கண்ணாடியில் பூஞ்சணம். மாமி பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு ஈரத்துணி கொண்டுவந்து தந்தாள். துடைத்து முன் அறையில் மாட்டினேன். உன் அம்மாவுக்கு முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே இருக்கிறது, படம் பிடிக்கிறவன் அசையாதே என்று சொன்னதற்கு வந்த எரிச்சல். உனக்கும் அதே முகம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாரோ இரண்டு பேர் அவளுக்காகத் தண்ணீரை வார்த்து முடித்தார்கள், அவள் புருஷன் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனான். கிண்ணம் நிரம்பினாலும் அந்தக் கணக்கில் நான் இல்லை.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன். கோபம் வரும்போது சரி பிழை பார்க்க நேரம் இருக்காது, ஆனால் கால் எங்கே போகிறது என்று பார்க்கலாம். அன்பாகப் போய் நுழைய மறுத்த வாசலுக்குள் கோபமாக நுழைகிறாய் என்றால், அங்கேயே நில். உன் பிள்ளை எப்போதாவது உனக்குப் பிடிக்காத இடத்தில் நின்று ஒரு சொல் சொன்னால், முதலில் சொல்லைக் கேள், இடத்தைப் பிறகு பார்த்துக்கொள். துடக்கு, தீட்டு எதையும் நான் விடச் சொல்லவில்லை. நான் விடவும் போவதில்லை, மாமி விடவும் விடமாட்டாள். ஆனால் துக்கத்தை வெளியில் நிறுத்திவைக்க அதைச் சாட்டாகப் பிடிக்காதே. நான் பிடித்தேன், பதினெட்டு வருடம் பிடித்தேன்.

சனிக்கிழமை காலைக் கோச்சியில் கோட்டை ஸ்டேசனிலிருந்து வருகிறேன். சில்வாவும் சோமாவும் வருகிறார்கள், வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நீ ஸ்டேசனில் வண்டில் ஒன்று பிடித்து வை. உப்பும் தேசிக்காயும் கொண்டுவா, அட்டைக்கு. இந்த முறை செருப்போடு வருகிறேன், வாசலில் கழற்றச் சுகம். மாமி மோதகம் அவித்துத் தருவதாகச் சொல்கிறாள், விகாரைக்குக் கொடுக்க. இதைப் பற்றி அவளிடம் நீ ஒரு சொல்லும் கேட்கவேண்டாம், கேட்டால் நிறுத்திவிடுவாள். ஏறும்போது என்னை அவசரப்படுத்தாதே. இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்பேன், எத்தனை தடவை கேட்டாலும் தவ டிகய் என்று மட்டும் சொல்லாதே, உண்மையைச் சொல்.

உள்ளே போனதும் செம்பை நீ எடு. நான் உன் பக்கத்தில் இருந்து அதே செம்பைப் பிடிப்பேன். கிண்ணம் வழியும்வரை நான் எழும்பமாட்டேன். தண்ணீர் விழத் தொடங்கும்போது, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை என்னைப் பார்த்துச் சொல். நீ சொல்லி முடித்த பிறகு, நானும் அதையே சொல்லவேண்டும்.

அப்பா